வேலை காக்க ஒரு வேலைநிறுத்தம்

தொழிலாளர் கையிலுள்ள படைக்கலங்களுள் இறுதியானது வேலைநிறுத்தம் என்பது யாவரும் அறிந்ததே. உழைப்பு நின்றால் உற்பத்தி நிற்கும். உற்பத்தி நின்றால் முதலாளிக்கு இழப்பு வரும். இழப்புக்கு அஞ்சி அவர் இறங்கி வருவார். கூலி உயர்வுக்காகவும் வேலைநேரக் குறைப்பிற்காகவும் உலகெங்கும் நடந்த வேலைநிறுத்தங்கள் எல்லாம் இந்தக் கணக்கின்மேல் நடந்தவையே. ஆனால், முதலாளியே 'உங்கள் உழைப்பு இனி வேண்டா' என்று சொல்லும்பொழுது இந்தக் கணக்கு என்னாகும்? மூடப்போகும் ஆலையின் வாயிலில் நின்றுகொண்டு, 'உள்ளே வரமாட்டோம்' என்று சொல்வதனால் யாரை அச்சுறுத்த இயலும்? இவ்வினாவுக்கு விடை தேடுவோர் 1984ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் தொடங்கி ஓராண்டுக் காலம் பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நடத்திய போராட்டத்தை ஊன்றிப் படித்தல் வேண்டும். கூலியை ஒரு காசும் கூட்டிக் கேளாமல், வேலையைக் காப்பதற்கென்றே நடத்தப்பெற்ற பெரும்போராட்டம் அது.

பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்கள் 1947ஆம் ஆண்டு சனவரி முதல் நாளன்று நாட்டுடைமை ஆக்கப்பட்டன. தனியார் முதலாளிகள் நீங்கித் தேசிய நிலக்கரி வாரியம் அவற்றின் பொறுப்பை ஏற்றது. அந்நாளில் ஏறத்தாழ 7 இலட்சம் பேர் அத்தொழிலில் இருந்தனர். ஒவ்வொரு சுரங்கத்தையும் சுற்றி ஓர் ஊர் இருந்தது. சுரங்கம் தோண்டப்பட்டதனால் எழுந்த ஊர் அது. வேறு பிழைப்பு அங்கே இல்லை. தந்தை இறங்கிய குழியில் மகன் இறங்கினான். கடை, கள்ளுக்கடை, இசைக்குழு, நலமன்றம், விளையாட்டுத் திடல் அனைத்தும் சுரங்கக் கூலியை நம்பியே நின்றன. சிலாங்கூரின் பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கம் 1960-இல் மூடப்பட்டபின் அவ்வூர் அடங்கிப்போனதை அறிந்தோருக்கும், தோட்டத்தை நம்பியே வாழ்ந்த நம் மக்களின் வரலாற்றை அறிந்தோருக்கும் இந்த நிலைமையை விரித்துரைக்கத் தேவையில்லை.

சுரங்கங்கள் மூடப்படுவது 1984-இல் புதிதாகத் தொடங்கிய செயலன்று. எண்ணெய் மலிவாகக் கிடைத்த 1960-களில் நூற்றுக்கணக்கான சுரங்கங்கள் மூடப்பட்டன. தொழிற்கட்சி ஆட்சியிலேயே இருநூற்றுக்கு மேற்பட்டவை மூடப்பட்டன. அப்பொழுது நாடு தழுவிய வேலைநிறுத்தம் எதுவும் எழவில்லை. காரணம் எளியது. ஒரு சுரங்கம் மூடினால் அடுத்த சுரங்கத்தில் இடம் கிடைத்தது. அதுவும் இல்லையேல் ஆலைகளில் வேலை கிடைத்தது. 1984-இலோ பிரிட்டனில் வேலையற்றோர் தொகை 30 இலட்சத்தைக் கடந்திருந்தது. முன்னர் வேலையை இழப்பது இடம் மாறுவதாக இருந்தது. இப்பொழுது அது வாழ்வே முடங்குவதாக ஆயிற்று. இவ்வேறுபாட்டை எண்ணாமல், 'அன்று மூடியபோது வாளா இருந்தவர்கள் இன்று ஏன் கொதிக்கின்றனர்?' என்று கேட்டவர்கள் அந்நாளில் பலர் இருந்தனர்.

சுரங்கத் தொழிலாளர் சங்கத்திற்கு வெற்றியின் நினைவும் உண்டு. 1972-இல் ஊதிய உயர்வு கோரி அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபொழுது, பிர்மிங்காம் நகரின் சால்ட்லி கற்கரிக் கிடங்கை ஆயிரக்கணக்கான தொழிலாளர் முற்றுகையிட்டு அதன் வாயிலை அடைக்கச் செய்தனர். அதற்கு முன்னின்றவர் யார்க்சயரைச் சேர்ந்த ஆர்தர் சுகார்கில் என்னும் இளைஞர். 1974-இல் மீண்டும் போராட்டம் வந்தது. நிலக்கரித் தட்டுப்பாட்டால் நாடே வாரத்தில் மூன்று நாள் மட்டும் தொழில் செய்யும் நிலை உண்டாயிற்று. பிரதமர் எட்வர்ட் ஈத்து பொதுத்தேர்தலை நடத்தி ஆட்சியை இழந்தார். அவ்வாண்டிலேயே அரசும் வாரியமும் சங்கமும் சேர்ந்து 'நிலக்கரித் திட்டம்' ஒன்றை வகுத்தன. தொழில் வளரும், முதலீடு பெருகும் என்பது அதன் உறுதி.

அந்தத் தோல்வியைப் பழைமைக் கட்சியார் மறக்கவில்லை. நிக்கோலசு ரிட்லி என்பார் கட்சிக்கென எழுதிய ஓர் அறிக்கை 1978-இல் ஓர் ஏட்டின் வழியாக வெளிப்பட்டது. மின்நிலையங்களில் நிலக்கரியைக் குவித்து வைத்தல், எண்ணெயாலும் இயங்கும்படி அந்நிலையங்களை அமைத்தல், சங்கத்தில் சேராத சரக்குந்து ஓட்டுநரைத் தேடி வைத்தல், வேலைநிறுத்தம் செய்வோருக்கு அரசுப் பணம் சேராதவாறு தடுத்தல், மறியலை எதிர்க்க விரைந்து செல்லும் காவற்படையை உருவாக்குதல் என அதன் குறிப்புகள் அமைந்திருந்தன. 1979-இல் ஆட்சிக்கு வந்த மார்கரெட் தாட்சர் அம்மையார் 1981-இல் 23 சுரங்கங்களை மூட முயன்று, தொழிலாளர் கொதித்தெழவே உடனே பின்வாங்கினார். அதனைத் தொழிலாளர் வெற்றி என்று கொண்டாடினர். அரசோ காலம் ஈட்டிக்கொண்டது. அடுத்த மூன்றாண்டுகளில் மின்நிலையங்களில் நிலக்கரி மலைபோல் குவிந்தது.

1983ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் ஐயன் மெக்ரிகர் என்பார் நிலக்கரி வாரியத்தின் தலைவரானார். அதற்கு முன் பிரிட்டிஷ் எஃகு நிறுவனத்தில் தொழிலாளர் தொகையைப் பாதிக்கும் கீழாகக் குறைத்தவர் அவர். அவர் வருகையே தொழிலாளருக்கு ஓர் அறிவிப்புப் போல் இருந்தது. 1984 மார்ச்சு முதல் நாளன்று தென் யார்க்சயரின் கார்ட்டன்வுட் சுரங்கம் ஐந்து வாரங்களில் மூடப்படும் என்று அறிவிக்கப்பட்டது. இச்சுரங்கத்திற்கு இன்னும் ஐந்தாண்டு ஆயுள் உண்டு என்று கூறி, அண்மையில் மூடிய வேறொரு சுரங்கத்தின் ஆட்களைச் சில நாட்களுக்கு முன்னர்தான் வாரியம் அங்கே மாற்றியிருந்தது. ஐந்தாண்டு ஐந்து வாரமாகச் சுருங்கியதைக் கண்டு யார்க்சயர் எங்கும் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். மார்ச்சு 6ஆம் நாள் வாரியம் தன் முழுத் திட்டத்தையும் வெளியிட்டது: ஓராண்டில் உற்பத்தியில் 40 இலட்சம் டன் குறைப்பு, ஏறத்தாழ 20 சுரங்கங்கள் மூடல், 20,000 வேலைகள் நீக்கம். மார்ச்சு 12 முதல் போராட்டம் நாடெங்கும் பரவியது.

இங்கே ஒன்றை நோக்குதல் வேண்டும். போராட்டம் தொடங்கியது வசந்த காலத்தில். குளிர் நீங்கி, நிலக்கரியின் தேவை நாளுக்குநாள் குறையும் பருவம் அது. கூலிப் போராட்டமாயின் சங்கம் தனக்கு ஏற்ற காலத்தைத் தேர்ந்திருக்கலாம். குளிர்காலத்தின் வாயிலில் தொடங்கியிருக்கலாம். வேலையைக் காக்கும் போராட்டத்திலோ காலத்தைத் தேர்வது தொழிலாளர் கையில் இல்லை. மூடும் நாளைக் குறிப்பவர் மறுபக்கத்தில் இருக்கிறார்.

அடுத்து வந்தது வாக்கெடுப்புச் சிக்கல். சங்கத்தின் விதிப்படி நாடு தழுவிய வேலைநிறுத்தத்திற்கு உறுப்பினரிடையே வாக்கெடுப்பு நடத்தல் வேண்டும். 1982-இலும் 1983-இலும் மூன்று முறை வாக்கெடுப்பு நடந்து மூன்று முறையும் வேலைநிறுத்தம் தோற்றிருந்தது. ஆகவே, சுகார்கிலும் செயற்குழுவினரும் வேறொரு விதியைக் கொண்டனர். ஒவ்வொரு வட்டாரமும் தானே வேலையை நிறுத்தும். தலைமை அதற்கு இசைவளிக்கும் என்பது அவ்விதி. ஏப்ரல் 19-இல் செப்பீல்டு நகரில் கூடிய சிறப்புப் பேராளர் மாநாடு, நாடு தழுவிய வாக்கெடுப்பு வேண்டா என்றே முடிவு செய்தது.

இதனைச் சனநாயக மறுப்பு என்று பழித்தோர் பலர். ஆயினும், வாக்கெடுப்பை மறுத்தவர்களின் வாதத்தையும் செவிமடுத்தல் நேர்மையாகும். கூலி எல்லார்க்கும் பொது. அதற்கு எல்லாரும் வாக்களிக்கலாம். ஆனால், நிலக்கரி கொழிக்கும் சுரங்கத்தில் அச்சமின்றி இருக்கும் ஒருவன், மூடப்போகும் சுரங்கத்தில் இருக்கும் மற்றொருவனுடைய வேலையை வாக்குச்சீட்டால் பறித்துவிடுவது எந்த அறம்? இவ்வாதம் வலியுடையது. வலியுடையதாயினும் பயனற்றுப் போயிற்று. வாக்களிக்கப் பெறாதவன் 'என்னைக் கேட்கவில்லை' என்று சொல்லி வேலைக்குச் செல்ல அது வழிவிட்டது. அறத்தின் பக்கத்தில் நின்ற வாதம் ஒற்றுமையின் பக்கத்தில் ஓட்டை விழச் செய்தது. ஏப்ரல் திங்களில் வாக்கெடுப்பு நடத்தியிருந்தால் சங்கம் வென்றிருக்கக்கூடும் என்று கருதும் வரலாற்றாசிரியர் பலர். அக்கருத்தே பொருத்தமாகத் தோன்றுகிறது.

அந்த ஓட்டை நாட்டிங்காம்சயர் வட்டாரத்தில் விழுந்தது. தடித்த நிலக்கரிப் படிவங்களும் புதிய பொறிகளும் உடைய வளமான வட்டாரம் அது. மார்ச்சுத் திங்களில் அவ்வட்டாரத்தார் தாமே வாக்கெடுப்பு நடத்த, நான்கில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவானோர் வேலைநிறுத்தத்தை எதிர்த்தனர். யார்க்சயரிலிருந்து மறியலுக்குச் சென்றவர்களுக்கும் உள்ளூர்த் தொழிலாளருக்கும் இடையே பகை மூண்டது. மார்ச்சு நடுவில் ஆலர்ட்டன் ஊரில் மறியலுக்குச் சென்றிருந்த இளந்தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். ஆயிரக்கணக்கான காவலர் வட்டாரத்தின் சாலைகளை அடைத்தனர். கென்ட் வட்டாரத் தொழிலாளர் தேம்சு ஆற்றின் சுரங்கச்சாலைக்கருகிலேயே, இருநூறு கிலோமீட்டருக்கு இப்பாலேயே, தடுத்துத் திருப்பப்பட்டனர்.

நாட்டிங்காம்சயரார் இயல்பிலேயே கோழைகள் என்று எழுதுவது எளிது. அது வரலாறு ஆகாது. 1977-இல் உற்பத்திக்கேற்ற ஊக்கத்தொகைத் திட்டம் ஒன்றை வாரியம் முன்வைத்தது. தொழிலாளர் அதனை வாக்கெடுப்பில் மறுத்தனர். ஆயினும், அந்நாளைய சங்கத் தலைமை வட்டாரங்கள் தத்தமக்கு விரும்பியவாறு அதனை ஏற்கலாம் என்று விட்டுவிட்டது. வளமான படிவம் உடையவன் மிகுதியாகவும் மெலிந்த படிவம் உடையவன் குறைவாகவும் ஊதியம் பெறலாயினர். ஒரே சங்கத்தில் இரு வகைத் தொழிலாளர் உருவாயினர். 1984-இல் வெடித்த பிளவு அன்று விதைக்கப்பட்டது. வாக்கெடுப்பின் தூய்மையைப் பற்றி 1984-இல் உரத்துப் பேசியவர்கள் 1977-இன் வாக்கெடுப்பு மதிக்கப்படாததைப் பற்றிப் பேசியதாகத் தெரியவில்லை. இதற்கும் முன்னர், 1926ஆம் ஆண்டின் நெடும் போராட்ட இறுதியிலும் இதே வட்டாரத்தில்தான் தனிச்சங்கம் ஒன்று தோன்றியிருந்தது.

வேலைக்குச் சென்றவர்களைத் தொழிலாளர் 'ஸ்கேப்' என்று ஏசினர். ஆறும் புண்ணின்மேல் படியும் பொருக்கு என்பது அச்சொல்லின் பொருள். தமிழ்த் தொழிற்சங்கங்களில் வழங்கும் 'கருங்காலி' என்னும் சொல்லுக்கு நேரான வேறோர் ஆங்கிலச் சொல்லும் உண்டு. அது 'கரிய கால்' என்றே பொருள்படும். இவ்வசவுச் சொற்கள் அவ்வூர்களில் தலைமுறை கடந்தும் மறையவில்லை. உடன்பிறந்தார் இருவர் சாகும் வரை பேசாமலிருந்த குடும்பங்கள் உண்டு.

சுரங்கம் ஏனைய தொழிற்சாலைகளைப் போன்றதன்று. ஆலையைப் பூட்டிவிட்டு ஓராண்டு கழித்துத் திறந்தால் பொறிகளைத் துடைத்து ஓட்டலாம். சுரங்கத்தைப் பூட்டிவைத்தல் இயலாது. மேலிருந்து நிலம் அழுத்திக்கொண்டே இருக்கும், பாதையின் கூரை தாழும், தரை மேலெழும். கசியும் நீரை இறைக்காவிட்டால் குழி நிறையும். காற்றோட்டம் நின்றால் எரிவளி சேரும். வெட்டுமுகத்தில் நிறுத்திய பொறிகள் சில திங்களில் பாறைக்கடியில் புதைந்துபோகும். எனவே வேலைநிறுத்தம் செய்பவர்களே தங்கள் சுரங்கத்தைக் காக்கவும் ஆளனுப்ப வேண்டியிருந்தது. வேலையைக் காக்கப் போராடுபவன், வேலை நடக்கும் இடம் அழியாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். பல ஊர்களில் சங்கமே நீரிறைப்போரையும் காற்றாடி காப்போரையும் மறியல் வரிசையைக் கடந்து உள்ளே செல்ல விடுத்தது. சில இடங்களில் அந்த ஏற்பாடு முறிந்தது. ஸ்காட்லாந்தின் போல்கமெட் சுரங்கத்தில் 1984-இன் கோடைக்காலத்தில் நீரிறைக்கும் பொறிகள் நின்றன. பழி யாருடையது என்று வாரியமும் சங்கமும் ஒன்றையொன்று சுட்டின. நீரோ இருவர்க்கும் காத்திருக்கவில்லை. மூழ்கிய அச்சுரங்கம் மீண்டும் திறக்கப்படவேயில்லை.

சூன் 18-இல் செப்பீல்டுக்கு அருகிலுள்ள ஆர்கிரீவ் கற்கரி ஆலையின் முன் தொழிலாளரும் காவலரும் ஆயிரக்கணக்கில் எதிர்ப்பட்டனர். குதிரைப்படையும் தடியும் பாய்ந்த அந்நாளில் 95 பேர்மீது கலகக் குற்றம் முதலியவை சாட்டப்பட்டன. மறுஆண்டு வழக்கு நீதிமன்றத்தில் நொறுங்கி விழுந்தது. 1991-இல் காவல்துறை 39 பேருக்கு இழப்பீடு கொடுத்தது. ஆர்கிரீவின் படங்களே இன்றும் நூல்களில் மிகுதியாகக் காணப்படுகின்றன. ஆயினும், போராட்டத்தின் முடிவு அங்கே உறுதியாகவில்லை. அதனை உறுதி செய்தவை பேச்சுவார்த்தை அறைகளில் நிகழ்ந்த இரண்டு செய்திகள்.

முதலாவது, ஒரு சொல்லைப் பற்றியது. சூலைத் திங்களில் வாரியமும் சங்கமும் ஏறத்தாழ உடன்பாட்டை நெருங்கின. நிலக்கரி தீர்ந்த சுரங்கத்தை மூடலாம் என்பதிலும், இடையூறும் பேராபத்தும் உள்ள சுரங்கத்தை மூடலாம் என்பதிலும் கருத்து வேறுபாடு இல்லை. மூன்றாம் வகையைப் பற்றியே வழக்கு. வெட்டியெடுக்கத்தக்க நிலக்கரி இருந்தும், அதனை 'ஆதாயம் தரும் வகையில்' எடுக்க இயலாத சுரங்கத்தை மூடலாம் என வாரியம் எழுதிற்று. ஆங்கிலத்தில் 'பெனிஃபிஷலி' என்னும் அந்த ஒரு சொல்லை நீக்கும்படி சங்கம் வேண்டியது. வாரியம் மறுத்தது. பேச்சு முறிந்தது. ஒரு வினையடைக்காகவா இத்தனை பேர் பட்டினி கிடப்பது என்று அந்நாளில் எள்ளியவர்கள் உண்டு. மொழி பயிற்றுவோர் அவ்வாறு எள்ளமாட்டார்கள். யாருக்கு ஆதாயம்? வாரியத்தின் கணக்கேட்டுக்கா, வேறு பிழைப்பில்லாத ஊருக்கா, வேலையற்றோருக்கு உதவித்தொகை கொடுக்க வேண்டிய நாட்டுக்கா? போராட்டம் முழுவதும் அச்சொல்லுக்குள் அடங்கிக் கிடந்தது. சுகார்கில் அதனைச் சரியாகவே கண்டுகொண்டார். ஆனால், வேறொரு சொல்லைத் தேடி உடன்படுவதற்கு அதைவிட நல்ல வாய்ப்பு அவருக்குப் பின்னர் வாய்க்கவில்லை.

இரண்டாவது செய்தி, சுரங்கப் பாதுகாப்பு மேற்பார்வையாளரைப் பற்றியது. இவர்களுக்குத் தனிச்சங்கம் உண்டு. இவர்கள் உடனிருந்து காற்றையும் கூரையையும் ஆய்ந்து பார்க்காமல் எவரும் நிலத்தடியில் வேலை செய்யலாகாது என்பது சட்டம். இவர்கள் நின்றால் நாட்டிங்காம்சயர் உட்பட நாட்டின் எல்லாச் சுரங்கங்களும் நிற்கும். ஆகஸ்டில் வாரியம், மறியலைக் கடந்து வேலைக்கு வாராத மேற்பார்வையாளருக்கு ஊதியம் இல்லை என்று சுற்றறிக்கை விட்டது. தேவையில்லாமல் நண்பரையும் பகைவராக்கிய செயல் அது. செப்டம்பர் இறுதியில் அவர்கள் வாக்கெடுப்பு நடத்தினர். 82 விழுக்காட்டினர் வேலைநிறுத்தத்திற்கு இசைந்தனர். அக்டோபர் 25 என்று நாளும் குறிக்கப்பட்டது. குவித்து வைத்த நிலக்கரி, எண்ணெய், அயல்நாட்டு இறக்குமதி ஆகிய எல்லா ஏற்பாடும் இவ்வொரு சங்கத்தின் முன் நடுங்கி நின்ற நாட்கள் அவை.

குறித்த நாளுக்கு முதல்நாள் மேற்பார்வையாளர் சங்கம் உடன்பாட்டுக்கு வந்தது. இனி எச்சுரங்கத்தை மூடுவதாயினும் சார்பற்ற ஆய்வுக்குழு ஒன்று அதனை ஆராயும் என்பது வாரியம் அளித்த உறுதி. அக்குழுவின் கருத்துக்கு 'முழு மதிப்பு' அளிக்கப்படும். ஆனால் முடிவு வாரியத்துடையதே. இவ்வுறுதியின் தகுதி பின்னர் விளங்கிற்று. நார்த்தம்பர்லாந்தின் பேட்சு சுரங்கத்தை மூடலாகாது என்று அவ்வாய்வே கூறியும் 1986-இல் வாரியம் அதனை மூடியது. வேலைநிறுத்தத்தின் வெற்றி கைக்கெட்டும் தொலைவில் இருந்தது இந்த ஓர் அக்டோபர் வாரத்தில்தான். அது நழுவியபின் மீதியிருந்தது தாங்கும் வலிமை மட்டுமே.

அந்த வலிமையைப் பெரும்பாலும் பெண்களே அளித்தனர். சங்கம் வேலைநிறுத்தப் படி எதுவும் கொடுக்கவில்லை. ஆயினும், கொடுத்ததாகக் கொண்டு, குடும்பங்களுக்குரிய அரசு உதவித்தொகையில் வாரம் 15 பவுனை அரசு பிடித்துக்கொண்டது. நலமன்றங்களிலும் தேவாலயக் கூடங்களிலும் பொதுச் சமையற்கூடங்கள் எழுந்தன. முன்னர் மேடையேறி அறியாத இல்லத்தரசியர் ஊர் ஊராகச் சென்று பேசிப் பொருள் திரட்டினர். 'சுரங்க மூடலுக்கு எதிரான மகளிர்' என்னும் அமைப்பு உருவாயிற்று. குளிர்காய நிலக்கரி இல்லாமல், சுரங்கத் தொழிலாளர் குடும்பத்தினரே கழிவுக் குன்றுகளில் கரித்துண்டு பொறுக்கினர். அவ்வாறு பொறுக்கும்பொழுது மண் சரிந்து சிறுவர் மாண்ட துயரமும் நேர்ந்தது. இவ்வளவையும் தாங்கிக்கொண்டு ஓராண்டு நின்ற மக்களை, தலைவர் ஒருவரின் சொல்லுக்கு ஆடியவர்கள் என்று எழுதுவது பொருந்தாது.

நீதிமன்றங்கள் வாக்கெடுப்பின்மையைக் காரணம் காட்டிச் சங்கத்திற்கு 2 இலட்சம் பவுன் தண்டம் விதித்தன. அதனைக் கட்ட மறுக்கவே சங்கத்தின் உடைமைகள் கைப்பற்றப்பட்டன. நவம்பரில் வேலைக்குத் திரும்புவோருக்குக் கிறிஸ்துமஸ் காலத்துச் சிறப்புத் தொகை கிடைக்கும் என்று வாரியம் ஆசை காட்டியது, சிலர் திரும்பினர். அத்திங்களின் இறுதியில் தென் வேல்சில், வேலைக்குச் செல்லும் ஒருவரை ஏற்றிச் சென்ற வாடகை உந்தின்மேல் பாலத்திலிருந்து கற்கட்டை தள்ளப்பட்டு ஓட்டுநர் மாண்டார். போராட்டத்தின்பால் இருந்த பொதுமக்கள் பரிவை அது பெரிதும் குறைத்தது. 1985 பிப்ரவரி இறுதியில் பாதிக்கு மேற்பட்டோர் வேலைக்குத் திரும்பிவிட்டதாக வாரியம் அறிவித்தது. மார்ச்சு 3-இல் இலண்டனில் கூடிய பேராளர் மாநாடு 98க்கு 91 என்னும் வாக்குக் கணக்கில், உடன்பாடு எதுவுமின்றி வேலைக்குத் திரும்ப முடிவு செய்தது. மார்ச்சு 5-இல் பல ஊர்களில் தொழிலாளர் சங்கக் கொடியும் இசைக்குழுவும் முன்செல்ல, மனைவி மக்கள் உடன்வர, அணிவகுத்துச் சுரங்க வாயிலுக்கு நடந்தனர்.

அந்த அணிவகுப்பில் இடம் பெறாதவர்களும் உண்டு. போராட்டக் காலத்தில் குற்றம் சாட்டப்பட்டு வேலைநீக்கம் செய்யப்பட்ட ஏறத்தாழ 1,000 பேர் அவர்கள். சிறு குற்றத்திற்குச் சிறு தண்டம் கட்டியோரும், நீதிமன்றத்தில் விடுதலை பெற்றோருங்கூட அவர்களுள் இருந்தனர். அவர்களை விட்டுவிட்டு உள்ளே செல்லமாட்டோம் என்று கென்ட் வட்டாரத்தார் மேலும் சில நாள் வெளியே நின்றனர், பயனில்லை. எல்லார் வேலையையும் காக்க எழுந்த போராட்டத்தில் முதலில் வேலையிழந்தவர்கள் இவர்களே. ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 2022-இல் ஒரு சட்டம் இயற்றி, அக்காலத்துச் சில குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்ட தொழிலாளருக்கு மன்னிப்பு வழங்கியது. இழந்த ஊதியத்திற்கு ஈடு எதுவும் அச்சட்டத்தில் இல்லை.

போராட்டம் நடந்த காலத்தில் சுகார்கில் ஓயாமல் ஒன்றைச் சொல்லிவந்தார். வாரியம் மூடக் கருதியது 20 சுரங்கங்களை அன்று, 70 சுரங்கங்களை என்பது அது. அரசு மறுத்தது. மெக்ரிகர் 1984 சூனில் தொழிலாளர் ஒவ்வொருவர்க்கும் கடிதம் எழுதி, அச்செய்தி முற்றும் பொய் என்று உறுதி கூறினார். முப்பதாண்டு கழித்து, 2014ஆம் ஆண்டு சனவரியில் அரசின் மறைபொருள் ஏடுகள் வெளியாயின. 1983 செப்டம்பரிலேயே, மூன்றாண்டில் 75 சுரங்கங்களை மூடி 64,000 பேரைக் குறைக்கும் திட்டத்தை மெக்ரிகர் முன்வைத்திருந்ததும், அதனைப் படியெடுக்கலாகாது என்று அமைச்சர் சிலரளவில் மறைத்து வைத்திருந்ததும் அவற்றால் தெரியவந்தன. சுகார்கிலின் போர்முறையில் குற்றம் காண்போரும் அவர் கூறிய எண்ணில் குற்றம் காண இயலவில்லை.

நாட்டிங்காம்சயரில் வேலைக்குச் சென்றோர் 1985-இல் தனிச்சங்கம் கண்டனர். தங்கள் சுரங்கங்கள் காக்கப்படும் என்பது அவர்கள் நம்பிக்கை. 1992 அக்டோபரில் அமைச்சர் மைக்கேல் எசல்டைன், எஞ்சியிருந்த 50 சுரங்கங்களுள் 31ஐ மூடி 30,000 பேரை நீக்கப்போவதாக அறிவித்தார். நாட்டிங்காம்சயரின் சுரங்கங்களும் அப்பட்டியலில் இருந்தன. அவ்வட்டாரத்தின் இறுதிச் சுரங்கமாகிய தோர்சுபி 2015ஆம் ஆண்டு சூலையில் மூடப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் யார்க்சயரின் கெல்லிங்லியும் மூடப்பட, பிரிட்டனின் பெரிய ஆழ்சுரங்கங்களின் வரலாறு முடிவுற்றது. எல்லாவற்றுக்கும் தொடக்கமாயிருந்த கார்ட்டன்வுட் 1985-இலேயே மூடப்பட்டது. அவ்விடத்தில் கடைவளாகம் எழுந்தது.

தென் வேல்சின் டவர் சுரங்கத்தின் கதை மட்டும் வேறு. ஆதாயம் இல்லை என்று கூறி 1994-இல் அதனை மூடினர். அங்கே வேலை செய்த 239 பேர், தாம் பெற்ற ஆட்குறைப்பு இழப்பீட்டிலிருந்து ஆளுக்கு 8,000 பவுன் போட்டுச் சுரங்கத்தை விலைக்கு வாங்கினர். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பால் வெட்டியவர்களையே தோட்டத்துக்குப் பங்குதாரர் ஆக்கியது இங்கே நினைவுக்கு வரலாம். 1995ஆம் ஆண்டு சனவரி 2ஆம் நாள் அத்தொழிலாளர் தங்கள் குடும்பத்தாருடன் குன்றேறி நடந்து சென்று சுரங்கத்தைத் திறந்தனர். ஆதாயமில்லாதது என்று கைவிடப்பட்ட அச்சுரங்கம் முதலாண்டிலேயே ஆதாயம் ஈட்டியது. பதின்மூன்று ஆண்டுகள் அதனை நடத்தினர். 2008ஆம் ஆண்டு சனவரியில் அவர்களே அதனை மூடினர். வெட்டுவதற்கு நிலக்கரி தீர்ந்துபோயிருந்தது.